சிட்காம் ஸ்கிரிப்ட் எழுதிப் பழகுறேன், கொஞ்சம் கைகொடுங்க

வணக்கம் மக்களே. ஆறு வீடு இருக்குற அபார்ட்மென்ட், ஒரே தண்ணி மோட்டார், சுவிட்ச் போடுறது யாருன்னு தினமும் சண்டை. இதை வச்சு ஒரு சிட்காம் (அதே ஆளுங்க, அதே இடம்னு எபிசோட் எபிசோடா வர்ற டிவி காமெடித் தொடர்) எழுத ஆரம்பிச்சிருக்கேன். அரை மணி நேர ஸ்லாட்னா விளம்பரம் போக சுமார் 22 நிமிஷம்தான், ஒரு பக்கம் கிட்டத்தட்ட ஒரு நிமிஷம்னு படிச்சேன். என்னோடது 41 பக்கம் ஓடுது! (ஆடியன்ஸை உட்காரவச்சு மல்டி கேமராவில எடுக்குறதுக்கு வசனத்தை இடைவெளி விட்டு டைப் பண்ணுவாங்க, அதுல 40 தாண்டலாம். நான் அப்படி டைப் பண்ணல.)

சிக்கல் அதுகூட இல்ல. செகரட்டரி மாமா மோட்டாரை அணைக்க மறந்து, டேங்க் வழிஞ்சு, மொட்டை மாடியில காயவச்ச வடாம் எல்லாம் திரும்பக் கூழாகுற சீன் நல்லா வந்திருக்கு. ஆனா கீழ்வீட்டுப் பையனோட காதல்னு ஒரு கிளைக்கதை வச்சேன், அது மெயின் கதையோட ஒட்டவே மாட்டேங்குது. ரெண்டையும் கடைசி சீன்ல எப்படி முடிச்சுப் போடுறது? அப்புறம், எபிசோட் முடிவுல மாமா திருந்திட்டா அடுத்த வாரம் சிரிப்புக்கு எங்க போறது?

எழுதின அனுபவம் இருக்குறவங்க யாராவது முதல் அஞ்சு பக்கம் மட்டும் படிச்சு, தயவு தாட்சண்யம் இல்லாம கிழிக்க முடியுமா? வீட்ல காட்டினா "நல்லாருக்கு"ன்னு சொல்லிட்டு சீரியல் பார்க்கப் போயிடுறாங்க.