மணலில் வண்டி மாட்டிக்கொண்டது, எடுக்க வழி சொல்லுங்கள் (அவசரம்)

கடலோரக்காற்று:
பின் சக்கரம் இரண்டும் சும்மா சுற்றுகிறது. ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க இறங்கிக்கொண்டே போகிறது. சீக்கிரம் இருட்டிவிடும், குழந்தைகள் கூட இருக்கிறார்கள். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

மலைப்பாதை:
முதலில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், இனி சக்கரம் சுற்றவே கூடாது. என்ன வண்டி? ஃபோர் வீல் டிரைவா? எந்த இடம்? ஈர மணலா, காய்ந்த மணலா? அடிப்பாகம் மணலில் உட்கார்ந்துவிட்டதா?

நெல்லை டீசல்:
எந்த வண்டியாக இருந்தாலும் மருந்து ஒன்றுதான், காற்றை இறக்குங்கள். நான்கு டயரிலும் காற்றழுத்தம் 15 பி.எஸ்.ஐ. போதும். டயர் தட்டையாகி நீளவாக்கில் படியும், எடை பரவும், வண்டி மேலேறும்.

பழைய பட்டறை:
வண்டிப் பெயர்கூடச் சொல்லாமல் கேட்டால் யார் என்ன சொல்வது? இதே கேள்வியை இந்த மன்றத்தில் பல முறை பார்த்தாகிவிட்டது. மண்வெட்டி, காற்று கேஜ், கம்ப்ரசர் மூன்றும் இல்லாமல் மணலில் இறங்கக் கூடாது என்பது அரிச்சுவடி. பழைய இழைகளைப் படித்துவிட்டு வாருங்கள்.

மலைப்பாதை:
பட்டறை அண்ணே, குழந்தைகளோடு நிற்கிறார். பாடம் அப்புறம் எடுக்கலாம்.

கடலோரக்காற்று:
மஹிந்திரா தார் 2023, பின் சக்கர டிரைவ். இடம் தூத்துக்குடி மாவட்டம் குதிரைமொழித் தேரி, செம்மணல் மேடு. கேஜ் இல்லை, கயிறும் இல்லை. அடி இன்னும் தட்டவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் டிராக்டர் இருக்கிறதாம், கூப்பிடட்டுமா?

நெல்லை டீசல்:
கூப்பிடுங்கள். பின்னால் டிரெய்லர் மாட்டும் உருண்டை இருந்தால் அதில் சங்கிலியைப் போட்டு ஒரு இழுப்பு, முடிந்தது.

பழைய பட்டறை:
உருண்டையில் மாட்டவே மாட்டாதீர்கள்! அது டிரெய்லரைச் சீராக இழுப்பதற்கானது. புதைந்த வண்டியை வெடுக்கென்று இழுத்தால் முறிந்து குண்டு மாதிரி பறக்கும். ஆஸ்திரேலியாவில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. டிராக்டர் வந்தால் கம்பெனி கொடுத்த இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டி மெதுவாக இழுக்க வேண்டும். கயிற்றின் நடுவில் கனமான போர்வை போடுங்கள். ஆட்கள் கயிற்றின் நீளத்தைவிட அதிக தூரம் தள்ளி நிற்கட்டும்.

பனங்காட்டான்:
அண்ணே, நான் பக்கத்துக் காயாமொழிக்காரன். தேரி மணல் காற்று குவித்த நைஸ் மணல், முன்னால் போகப் போக இன்னும் பொலபொலவென்று இருக்கும். வந்த தடத்திலேயே பின்னால் எடுங்கள், அங்கே மணல் ஏற்கெனவே அமுங்கியிருக்கும். நான்கு சக்கரத்துக்கும் பின்னால் சரிவாகத் தோண்டுங்கள், கையாலே போதும். பின் சக்கரத்தை ஒட்டிக் காய்ந்த பனை ஓலையைத் திணியுங்கள். ஓலை மட்டும்தான், மட்டை வேண்டாம், அதன் ஓரத்துக் கருக்கு டயரின் பக்கத்தைக் கிழித்துவிடும். குடிக்கிற தண்ணீர் போக மிச்சமிருந்தால் தடத்தில் தெளியுங்கள், நனைந்த மணல் இறுகும்.

மலைப்பாதை:
இதுதான் சரி. கேஜ் இல்லையென்றால் டயரின் பக்கம் நன்றாகப் பிதுங்கும்வரை காற்றை விடுங்கள். வண்டி சறுக்காமல் தானாகப் பார்த்துக்கொள்ளும் ஈ.எஸ்.பி.யை அணையுங்கள், இல்லாவிட்டால் அதுவே இன்ஜின் சக்தியைக் குறைத்துவிடும். ஸ்டீயரிங் நேராக இருக்கட்டும், கிளட்சை மெதுவாக விடுங்கள். ஓலை எகிறி அடிக்கும், சக்கரத்துக்கு நேரே முன்னும் பின்னும் யாரும் நிற்க வேண்டாம்.

முல்லைநிலம்:
ஒன்று சொல்ல வேண்டும். குதிரைமொழித் தேரியில் காப்புக்காடு இருக்கிறது. அனுமதி இல்லாமல் வண்டி இறக்குவது குற்றம்.

பனங்காட்டான்:
காடு எங்கே முடிகிறது, பட்டா எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்கு எப்படித் தெரியும்? பதநீர் இறக்கப் போகிற பாதை காலம் காலமாக இருக்கிறது.

முல்லைநிலம்:
பதநீர் இறக்கப் போகிறவர் தடத்தை விட்டு விலக மாட்டார். மேட்டுக்கு மேடு வண்டி ஏற்றி விளையாடுகிறவர்களைத்தான் சொல்கிறேன். மணலைப் பிடித்து வைத்திருப்பதே அங்குள்ள செடிகொடிதான். அதை டயர் அறுத்துவிட்டால் ஆடிக் காற்றில் மணல் தோட்டத்துக்குள் வந்துவிடும்.

நெல்லை டீசல்:
அப்படியானால் ஃபோர் வீல் டிரைவ் எதற்கு விற்கிறார்கள்?

முல்லைநிலம்:
விற்பதற்கும் காட்டுக்குள் ஓட்டுவதற்கும் என்ன சம்பந்தம்?

பழைய பட்டறை:
இதற்குத் தனி இழை போடுங்கள். அவர் வண்டி என்ன ஆயிற்று?

கடலோரக்காற்று:
வந்துவிட்டது. காற்று இறக்கி, ஓலை போட்டு, பின்னால் எடுத்தோம். டிராக்டர் தேவைப்படவில்லை. எல்லோருக்கும் நன்றி, கிளம்புகிறோம்.

மலைப்பாதை:
நல்லது. காற்று நிரப்பும்வரை 40 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாதீர்கள், வெடுக்கென்று திருப்பினால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். டயரில் உடைமர முள் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். எத்தனை பி.எஸ்.ஐ.க்கு இறங்கியிருந்தது என்று பங்க்சர் கடையில் பார்த்துச் சொன்னால் மற்றவர்களுக்கு உதவும்.