திறந்து பார்த்த செப்டிக் டேங்குகள்: அனுபவப் பகிர்வு

(பலர் எழுதியது. ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

மட்டப்பலகை

கும்பகோணம் பக்கம், ஐப்பசி அடைமழை. கீழ்வீட்டுக் கக்கூஸில் தண்ணீர் இறங்கவில்லை என்று லாரி வரவழைத்தார்கள். முழுக்க உறிஞ்சி, ஹோஸை வெளியே இழுத்த பிறகும் டேங்குக்குள் சலசலவென்று சத்தம். டார்ச் அடித்தால், கழிவுநீர் வெளியேற வேண்டிய அவுட்லெட் குழாய் வழியாகவே தண்ணீர் உள்ளே கொட்டிக்கொண்டிருக்கிறது. சாம்பல் நிறம், பெரிய நாற்றம்கூட இல்லை. மறுநாள் காலையில் பழைய மட்டத்துக்கு வந்துவிட்டது. வீட்டுக்காரர் லாரிக்காரரைத் திட்டினார், பாவம்.

டேங்கில் குறையே இல்லை. சோக் பிட் தான், அதாவது டேங்கிலிருந்து வெளியேறும் நீரை மண் உறிஞ்ச வெட்டும் குழிதான், நிறைந்து நின்றது. டெல்டாவில் மழைக்காலத்தில் ஊற்று மேலே ஏறிவிடும். பத்தடிக்கு உறை இறக்கிய குழி அந்த நேரத்தில் உறிஞ்சாது, அதுவே கிணறாகிவிடும். அங்கே ஆழத்தைக் குறைத்துப் பரப்பைக் கூட்ட வேண்டும். 2 அடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் நீளவாக்கில் வாய்க்கால் வெட்டி, அடியில் 40 எம்.எம். ஜல்லி அரை அடி, அதன்மேல் ஓட்டை போட்ட 110 எம்.எம். பிவிசி குழாய், குழாயை மூட மறுபடி ஜல்லி. அதற்கு மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) விரித்த பிறகுதான் மண். துணி இல்லாவிட்டால் இரண்டு மழையில் மண் ஜல்லிக்குள் இறங்கி அடைத்துவிடும். வாய்க்காலின் அடிக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் நடுவே 3 அடியாவது ஈரமில்லாத மண் வேண்டும். இல்லாத இடத்தில் மணல் கொட்டி மேடை கட்டித்தான் விட முடியும். அதற்கு ஒரு சின்ன மோட்டாரும் தேவைப்படும்.

லாரி உறிஞ்சி முடித்ததும் பத்து நிமிடம் அவுட்லெட் குழாயைப் பாருங்கள். நோய் எங்கே என்று அந்தக் குழாய் சொல்லிவிடும்.

கரிசல்மண்

மேலே சொன்னது டெல்டாவுக்குச் சரி. எல்லா ஊருக்கும் பொருந்தும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அருப்புக்கோட்டைப் பக்கம் ஊற்று எங்கேயோ கீழே கிடக்கிறது, சோக் பிட் மட்டும் கார்த்திகையில் பொங்குகிறது. தோண்டிப் பார்த்த ஒரு குழியில் உறைக்கு வெளியே மண் களி போல வழுவழுவென்று இறுகி, ஈரம் ஒரு சாண் தூரம்கூடப் போகாமல் நின்றிருந்தது. கோடையில் அதே மண்ணில் கை நுழையும் அளவு வெடிப்பு இருக்கும், ஊற்றுகிற தண்ணீரெல்லாம் காணாமல் போகும். சித்திரையில் குழி வெட்டிவிட்டு "நல்லா இழுக்குது" என்று நம்பினால் இந்தக் கதிதான்.

சோதிக்காமல் குழி போடக் கூடாது. சோக் பிட் வரப்போகும் ஆழத்தில் ஒரு அடிக்கும் குறைவான அகலத்தில் சதுரக் குழி எடுங்கள். சுவரில் மண்வெட்டி இழைத்த பளபளப்பைச் சுரண்டிவிட்டு, அடியில் 5 செ.மீ. சின்ன ஜல்லி போட்டுத் தண்ணீர் நிரப்பி இரவு முழுக்க ஊறவிடுங்கள். ஊறவைக்காமல் அளந்தால் கரிசலில் அந்த அளவுக்கு அர்த்தமே கிடையாது. மறுநாள் ஜல்லிக்கு மேல் 15 செ.மீ. தண்ணீர் நிறுத்தி, அரை மணிக்கு ஒருமுறை எவ்வளவு இறங்குகிறது என்று குறித்து வாருங்கள். கடைசி அரை மணியின் கணக்குதான் கணக்கு. 25 எம்.எம். இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் அந்த மண்ணை நம்பிச் சோக் பிட் வேண்டாம்.

நங்கூரம்

அடைமழை என்றதும் நினைவுக்கு வருவது சென்னைப் புறநகரில் பார்த்த ரெடிமேட் டேங்க். 2000 லிட்டர் பிளாஸ்டிக். மழை விட்ட அன்று லாரி வைத்துக் காலி செய்திருக்கிறார்கள். விடிந்து பார்த்தால் டேங்கின் தோள் தரைக்கு மேல் ஒன்றரை அடி எழும்பி நிற்கிறது. இன்லெட் பிவிசி எல்போவோடு முறிந்து, கழிவு நேராக மண்ணில் கொட்டுகிறது.

கணக்கு எளிது. 2000 லிட்டர் தொட்டி ஊற்று நீரில் மூழ்கிக் காலியாக இருந்தால் கிட்டத்தட்ட 2 டன் மேலே தள்ளும். பிளாஸ்டிக்கின் எடை அதற்கு முன்னால் ஒன்றுமில்லை. ஒரு கன மீட்டர் கான்கிரீட் வெளியே 2.4 டன், தண்ணீருக்குள் 1.4 டன்தான் வேலை செய்யும். ஆகவே டேங்கின் அடியைவிட நாலு பக்கமும் ஒரு அடி கூடுதலாகக் கான்கிரீட் படுகை போட்டு, அதில் கம்பிக் கொக்கி பதித்து, நைலான் பட்டையால் டேங்கைக் கட்ட வேண்டும். நீட்டிய விளிம்பின் மேல் விழும் மண்ணின் பாரமும் துணை நிற்கும். மண் நிரப்பும்போது உள்ளே தண்ணீரும் சம உயரத்தில் ஏறிக்கொண்டே வர வேண்டும், இல்லையென்றால் பக்கச் சுவர் உள்வாங்கிவிடும். மழைக்காலத்தில் காலி செய்தே ஆக வேண்டும் என்றால் பாதியோடு நிறுத்தி, அன்றே தண்ணீர் விட்டு நிரப்பிவிடுங்கள்.

டீ குழாய்

ஈரோடு. நாலு பேர் வீடு, பெரிய டேங்க், ஆனாலும் சோக் பிட் அடைப்பு. இரண்டாவது அறையின் மூடியைத் தூக்கினால் மேலே ஏடு கட்டி நிற்கிறது, கம்பால் குத்தினால் அரை அடி கனம். அந்த ஏடு முதல் அறையைத் தாண்டி வரவே கூடாது. காரணம் தேடினால், நடுச்சுவரில் ஓட்டை தண்ணீர் மட்டத்திலேயே விடப்பட்டிருக்கிறது. அவுட்லெட்டில் டீ (T வடிவக் குழாய் இணைப்பு) கிடையாது, வெறும் நேர்குழாய். எண்ணெய்ப் பிசுக்கு முழுக்க நேராகச் சோக் பிட்டுக்குப் போய், ஜல்லி ஒவ்வொன்றும் கறுப்புக் களிம்பு பூசினது போல இருந்தது.

கொத்தனாரிடம் சொல்ல வேண்டியவை இவை. இன்லெட் குழாயின் அடிமட்டம் அவுட்லெட்டைவிட 50 எம்.எம். உயரத்தில். ட்யூப் மட்டம் வைத்துப் பாருங்கள், கண்ணளவு வேண்டாம். இரண்டு முனையிலும் 110 எம்.எம். டீ. அதன் கீழ்க்கால் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே 300 எம்.எம்., மேல்வாய் திறந்தபடி. மேல்வாய்க்கும் ஸ்லாபுக்கும் நடுவே 3 அங்குல இடைவெளி இல்லையென்றால் காற்றுப் போகாது, கம்பு விட்டு அடைப்பும் எடுக்க முடியாது. நடுச்சுவர் இன்லெட்டிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு நீளத்தில் வர வேண்டும், அதன் ஓட்டைகள் தண்ணீரின் நடு ஆழத்தில். மேலே ஏடு, கீழே வண்டல், நடுவில் உள்ள தண்ணீர் மட்டும் அடுத்த அறைக்குப் போக வேண்டும். டேங்க் செய்கிற வேலை இவ்வளவுதான்.

செப்டிக் டேங்குக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 2470 ஐந்து பேருக்குக் கொடுக்கும் அளவு 1.5 மீ. நீளம், 0.75 மீ. அகலம், 1 மீ. தண்ணீர் ஆழம், மேலே 30 செ.மீ. காலியிடம். அது வருடம் ஒருமுறை வண்டல் எடுக்கும் கணக்கு. எடுக்க மாட்டார்கள் என்று தெரிந்தால் ஆழத்தைக் கூட்டுங்கள். கொள்ளளவு 2000 லிட்டரைத் தாண்டினால் இரண்டு அறை கட்டாயம்.

பொள்ளாச்சியான்

டீ குழாய் சார், இதெல்லாம் சரி. ஆனால் நம்ம ஊரில் பாதி வீட்டில் டேங்கே கிடையாது. நாலடி உறை எட்டு, அடியில் கான்கிரீட் போடாமல் இறக்கிவிட்டு அதையே செப்டிக் டேங்க் என்கிறார்கள். அப்படி ஒரு குழிக்கும் பக்கத்து வீட்டுப் போர்வெல்லுக்கும் நடுவில் டேப் பிடித்துப் பார்த்தால் பதினோரு அடி. அந்தப் போர்த் தண்ணீரில்தான் குழந்தைக்குப் பால் பாட்டில் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதுதான் மனசை விட்டுப் போக மாட்டேங்குது.

சோக் பிட்டுக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் 18 மீட்டர் என்பது விதி. 60 அடி. இரண்டரை சென்ட் மனையில் எங்கே போவது என்று கேட்பீர்கள். முடியாதுதான். அதனால்தான் தொட்டியின் அடியும் பக்கமும் ஒழுகாமல் கட்ட வேண்டும், சோக் பிட் ஆழம் குறைவாக இருக்க வேண்டும், போர்வெல்லில் மேல்பகுதி கேசிங் குழாயைச் சுற்றி சிமெண்ட் பால் ஊற்றி அடைக்க வேண்டும். ஒழுகுகிறதா என்று பார்க்க, பூச்சு காய்ந்ததும் டேங்கை நிரப்பி ஒரு நாள் ஊறவிட்டு, மட்டத்தைக் கோடு போட்டு அடுத்த நாள் பாருங்கள். கோடு இறங்கியிருந்தால் ஸ்லாப் போடுவதற்கு முன்பே பூச்சைத் திருத்திக்கொள்ளலாம்.

வண்டல் கோடு

ஓசூரில் ஒரு அடுக்குமாடி. "அஞ்சு வருஷமா எடுக்கவே இல்ல, அவ்வளவு நல்லா ஓடுது" என்றார் செயலாளர். ஆறடி மூங்கில் கழியில் வெள்ளைப் பூத்துவாலை சுற்றி இறக்கி, கொஞ்ச நேரம் பொறுத்து எடுத்தால், கீழிருந்து முக்கால் பாகம் துணி கறுப்பு. தண்ணீர் தங்க இடமே இல்லை, வந்த வேகத்தில் வெளியே ஓடியிருக்கிறது. அதைத்தான் அவர் நன்றாக ஓடுகிறது என்றிருக்கிறார்.

ஏடும் வண்டலும் சேர்ந்து தண்ணீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொட்டால் லாரி. வருடத்துக்கு ஒருமுறை துவாலை போதும். மூடிக்கு மேல் குனியாமல் பக்கத்தில் நின்று இறக்குங்கள். எடுக்கும்போது அடியில் கொஞ்சம் வண்டலை விட்டு வைக்கச் சொல்லுங்கள், கிருமி மறுபடி பிடிக்கும்.

டீ குழாய்

விட்டு வைத்தால் கெடுதல் இல்லை, ஆனால் அவசியமும் இல்லை. வேண்டிய கிருமி தினமும் மலத்தோடு வந்துகொண்டேதான் இருக்கிறது. அதே காரணத்துக்காகத்தான் ஈஸ்ட், வெல்லம், சாணக் கரைசல், பாக்கெட் பவுடர் எதற்கும் காசு போட வேண்டாம் என்கிறோம். கெடுப்பது வேறு: பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் மக் கணக்கில் கொட்டுவது, மழைநீர்க் குழாயையும் ஆர்.ஓ. கழிவையும் டேங்கில் சேர்ப்பது.

காற்றோட்டம்

எல்லாரும் கட்டுவதைப் பேசுகிறீர்கள். திருப்பூர்ப் பக்கம் புது டேங்க், ஒரு சொட்டுக் கழிவு விழாதது. சென்டரிங் பலகை எடுக்க ஒருவர் இறங்கினார். மூன்றாவது படியில் அவர் பேச்சு குழறியது. மேலே நின்றவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தார். இன்னும் ஒரு படி இறங்கியிருந்தால் கை எட்டியிருக்காது.

மூடிக் கிடந்த தொட்டியில் ஈரப் பலகை அழுகும்போதே ஆக்சிஜனைத் தின்றுவிடும். கழிவு இருந்தால் இன்னும் மோசம். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனம், அடியில் தங்கும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று நினைப்பதுதான் ஆளைக் கொல்கிறது. விளக்கை இறக்கிப் பார்க்கும் பழக்கத்தையும் விடுங்கள், மீத்தேன் தீப்பிடிக்கும். உள்ளே ஒருவர் விழுந்தால் பின்னாலேயே இறங்கக் கூடாது. இரண்டாவது, மூன்றாவது சாவு அப்படித்தான் நடக்கிறது. 101, 108 அழைத்துவிட்டு, ப்ளோயர் இருந்தால் வெளிக்காற்றை அடிக்கு அனுப்புங்கள்.

2013-ஆம் வருடச் சட்டப்படி பாதுகாப்பு ஏற்பாடு எதுவும் இல்லாமல் செப்டிக் டேங்குக்குள் ஆளை இறக்குவது குற்றம். முதல் முறைக்கே 2 வருடம் வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். கழிவு அகற்றும்போது இறந்தால் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. வீட்டுக்காரர் "ஒரு வாளி வண்டல்தானே, இறங்கி எடுத்துடுப்பா" என்று கூடுதலாக ஐந்நூறு நீட்டுவதை இன்றும் பார்க்கிறோம். எடுக்காதீர்கள், நீட்டாதீர்கள். அடி வண்டல் இறுகியிருந்தால் மேலிருந்தே தண்ணீரைப் பீய்ச்சிக் கலக்கி லாரியால் உறிஞ்சலாம். உரிமம் உள்ள லாரி வேண்டும் என்றால் 14420 எண்ணுக்குப் போன் செய்யுங்கள்.

மட்டப்பலகை

காற்றோட்டம் சொன்னதோடு, டேங்கின் வாயு வெளியேறும் வென்ட் பைப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில் நாலடியில் வெட்டி விடுகிறார்கள். வீட்டை ஒட்டிய டேங்க் என்றால் மொட்டை மாடிக்கு மேல் 2 மீட்டர் போக வேண்டும். வாயில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வலை கட்டுங்கள். நைலான் வலை வெயிலில் பொடிந்துபோய், க்யூலெக்ஸ் கொசு அதன் வழியாகத்தான் வெளியே வரும்.

தேடல்

போர்ட்டிகோவில் டைல்ஸ் ஒட்டி மூடியை மறைத்த வீடு ஒன்று. லாரி வாசலில் நிற்கிறது, மூடி எங்கே என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. கடைசி இன்ஸ்பெக்ஷன் சேம்பரிலிருந்து ஃபிஷ் டேப் (குழாய்க்குள் விடும் வளையும் நீளக் கம்பி) விட்டு, அது முட்டிய நீளத்தைத் தரையில் அளந்து, டைல்ஸை வெட்டினார்கள். இரண்டு டைல்ஸ் தள்ளி வெட்டிவிட்டார்கள். ஸ்லாப் போடும் அன்றே இரண்டு மூடிகளும் வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து எத்தனை அடி என்று எழுதி, போட்டோவோடு ஈ.பி. மீட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள்.