22 வருஷம் ஸ்லைடு பார்த்த அக்காவும் எங்க புது பிசிஆர் ரூமும்

சேலத்துல ஒரு லேப்ல சூப்பர்வைசரா இருக்கேன். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு பாப் ஸ்மியர் (அங்க இருந்து எடுத்த செல்லை ஸ்லைடுல தடவிப் பார்க்கிறது) பார்த்துட்டு இருந்த நாங்க, அந்த நோயை உண்டாக்குற எச்பிவி வைரஸைத் தேடுற சோதனைக்கு மாறினோம். அந்த மூணு மாசம் எங்களுக்குள்ள என்ன நடந்துச்சுன்னு எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல கிடக்கு. இதே மாதிரி மாறப்போற லேப்ல இருக்கிறவங்க கட்டாயம் படிங்க, உங்க அனுபவத்தையும் சொல்லுங்க.

எங்க சைட்டாலஜியில, அதாவது மைக்ரோஸ்கோப்புல செல் பார்க்கிற பிரிவுல, ஒரு அக்கா. 22 வருஷ சர்வீஸ். ஏழரைக்கெல்லாம் வந்து லென்ஸைத் துடைச்சு உட்கார்ந்தாங்கன்னா, நாத்து நடுற மாதிரி ஸ்லைடை வரி வரியா ஓட்டுவாங்க. ஒரு ஓரம்கூட விடமாட்டாங்க. நல்ல செல்லெல்லாம் இளஞ்சிவப்பும் நீலப்பச்சையுமா இதழ் மாதிரி விரிஞ்சு கிடக்கும். கெட்டது சின்னதா இருக்கும், உள்ள கரு மட்டும் பெருத்துக் கறுத்திருக்கும். அதைக் கண்டதும் பேனாவால ஒரு புள்ளி வெச்சு டாக்டருக்கு அனுப்புவாங்க. அந்தப் புள்ளியால பொழைச்ச பொம்பளைங்க சேலம் ஜில்லா முழுக்க இருக்காங்க. ஒருத்தருக்கும் இந்த அக்கா யாருன்னு தெரியாது.

மாற்றம் வந்த செய்தி எங்களுக்கு வாட்ஸப்ல வந்துச்சு. "அடுத்த மாதம் முதல் எச்பிவிதான் முதல் சோதனை, தேவைப்பட்டால் மட்டும் சைட்டாலஜி." அவ்வளவுதான். சாயங்காலம் அக்கா வந்து, "தம்பி, அப்போ அடுத்த மாசம் நான் வரணுமா, வேண்டாமா?"ன்னு கேட்டாங்க. எனக்கு விஷயம் மூணு மாசம் முன்னாடியே தெரியும். நான் வாயைத் திறக்கல. அன்னைக்கு அவங்க முகத்தைப் பார்க்க முடியாம நின்னது இன்னும் மறக்கல.

மாற்றம் சரியானதுதான், அதுல எனக்கு சந்தேகமே இல்ல. இந்தப் புற்றுநோய் கிட்டத்தட்ட எல்லாமே எச்பிவி வைரஸால வர்றது. அதுலயும் 16, 18 ரெண்டு வகை மட்டுமே சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். ஸ்லைடுல செல் மாறினதுக்கு அப்புறம்தான் கண்ணுக்குத் தெரியும். எச்பிவியோட டிஎன்ஏவைத் தேடுற சோதனை வைரஸையே பிடிச்சிடுது. 30 வயசுக்கு மேல 5-ல இருந்து 10 வருஷத்துக்கு ஒருதரம் இதைச் செஞ்சா போதும்னு உலக சுகாதார நிறுவனம் 2021-ல சொல்லிடுச்சு. நம்ம நாட்டுலயே மகாராஷ்டிராவுல உஸ்மானாபாத் கிராமங்கள்ல நடந்த பெரிய ஆய்வுல, ஒரே ஒருதரம் எச்பிவி சோதனை செஞ்சதுக்கே இந்தப் புற்றுநோயால வர்ற சாவு கிட்டத்தட்ட பாதியா குறைஞ்சுது. 2009-ல வெளியான முடிவு அது.

ஆனா வேலை எப்படி மாறுதுன்னு யாரும் அக்காகிட்ட உட்கார்ந்து பேசல. முன்னாடி எல்லா சாம்பிளும் அவங்க கண்ணுக்கு வரும். இப்போ வைரஸ் இருக்கிறது மட்டும்தான் வருது. ஸ்லைடு குறைஞ்சா வேலை சுலபம்னு மேலிடத்துல நினைச்சாங்க. நிஜத்துல கஷ்டம் கூடிடுச்சு. நார்மல் ஸ்லைடை நாள் முழுக்கப் பார்க்கிற கண்ணுக்குத்தான் வித்தியாசமானது பளிச்சுன்னு தெரியும். வர்றது எல்லாமே சந்தேக முத்திரையோட வந்தா, சாதாரணக் கிருமித்தொற்றால கொஞ்சம் வீங்கின செல்கூட கெட்டதாத் தெரியும். அதனால பழைய நார்மல் ஸ்லைடுகளை நடுவுல கலந்து வைக்க ஆரம்பிச்சோம். அது அக்காவே சொன்ன யோசனை.

பிசிஆர் ரூம் (வைரஸோட டிஎன்ஏவைப் பல மடங்கு பெருக்கிக் கண்டுபிடிக்கிற இடம்) கதை வேற. அக்காவும் அங்க வேலை பழக ஆரம்பிச்சாங்க. அங்க போறதுக்கு ஒரு வழி, வர்றதுக்கு ஒரு வழி. சாம்பிள் கையாண்ட பக்கத்துல இருந்து சுத்தமான பக்கத்துக்குத் திரும்பவே கூடாது. ரெண்டாவது வாரம், சோதனைப் பிளேட்டுல சாம்பிள் இல்லாம தண்ணி மட்டும் ஊத்தின குழியிலயும் வைரஸ் இருக்கிற மாதிரி கிராஃப் கோடு மேல ஏறுச்சு. அப்படின்னா எங்கயோ கலந்துடுச்சு, அந்த ரன் மொத்தமும் குப்பை. யார் என்னன்னு கேட்கிறதுக்கு முன்னாடியே அக்கா எழுந்து, "கண்ணாடியை மறந்துட்டேன், எடுக்கத் திரும்பிப் போனேன்"னு சொன்னாங்க. கூட இருந்த பையன் கத்தினான். ஒரு வார்த்தைதான், ஆனா 22 வருஷத்துல அந்த லேப்ல அவங்களை யாரும் அப்படிப் பேசினதில்ல. அவனை வெளிய கூட்டிட்டுப் போய், "தப்பை மறைச்சிருந்தா அத்தனை ரிப்போர்ட்டும் பொய்யாப் போயிருக்கும், சொன்னாங்களே"ன்னு மட்டும் சொன்னேன்.

அதுக்கப்புறம் அவங்களுக்குன்னு ரெண்டு வாரம் ஒதுக்கினோம். கலர் தண்ணியை வெச்சு 96 குழி பிளேட்டுல, துளித்துளியா அளந்து ஊத்துற பைப்பெட் பழக்கம், தினம் ஒரு மணி நேரம். கட்டைவிரல் எங்க நிக்கணும், எங்க முழுசா அமுக்கணும்னு அந்தப் பையனே கத்துக்கொடுத்தான். மத்தியானம் ரெண்டு பேர் பார்க்கிற மைக்ரோஸ்கோப்புல அக்கா அவனுக்கு ஸ்லைடு சொல்லிக்கொடுத்தாங்க. கருவைச் சுத்தி வெள்ளை வளையம் விழுந்த செல்லை (எச்பிவி பாதிச்சதுக்கு அடையாளம்) முதல்தடவை அவனாக் கண்டுபிடிச்ச அன்னைக்கு, அக்கா எல்லாருக்கும் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தாங்க. சம்பளமும் பதவியும் மாறாதுன்னு எழுத்துல வாங்கிக் கொடுத்தேன். முதல் நாளே செஞ்சிருக்கணும்.

பதில்: சூரமங்கலத்துல இருந்து, ஓய்வு பெற்ற டெக்னீசியன்

படிச்சு கண் கலங்கிடுச்சு தம்பி. எங்க காலத்துல ஸ்லைடை 95 சதவீத ஆல்கஹால்ல உடனே போடணும், காய்ஞ்சா செல் ஊதிப்போய் எதுவும் தெரியாது. அப்படிக் காய்ஞ்சது வந்தா அந்தப் பொம்பளையை மறுபடி வரச் சொல்லணுமேன்னு வயிறு கலங்கும். இப்போ குப்பியில போட்டு அனுப்புறாங்க, ஒரே குப்பியில இருந்து வைரஸும் பார்க்கலாம், ஸ்லைடும் போடலாம். இதை வரவேற்காம இருக்க முடியுமா? நான் பயப்படுறது ஒண்ணுக்குத்தான். ஸ்லைடு பார்க்கிறவங்க வீட்டுக்குப் போயிட்டா, நாளைக்கு பாசிட்டிவ் வர்றதை யார் பார்ப்பா? ஒருத்தரை உருவாக்க வருஷக்கணக்கு ஆகும்.

பதில்: அம்மாபேட்டை

என் தங்கச்சி இங்கிலாந்துல லேப் வேலையில இருக்கா. அங்க இது நிஜமாவே நடந்துச்சு. எச்பிவிக்கு மாறப்போறோம், 40-க்கும் மேல இருந்த லேப்களை 8 ஆக்கப்போறோம்னு அறிவிச்சாங்க. மாற்றம் முடிஞ்சது 2019 கடைசியில. இடையில வேலை நிலைக்குமான்னு தெரியாம நிறைய பேர் முன்னாடியே கிளம்பிட்டாங்க. 2018-ல ஒரு சமயம் 90,000-க்கும் மேல சாம்பிள் பார்க்க ஆளில்லாம தேங்கிக் கிடந்துச்சு. ரிசல்ட்டுக்குக் காத்திருந்தவங்க வீட்டுல எத்தனை ராத்திரி தூக்கம் போயிருக்கும். உங்க அக்கா கேட்ட கேள்விக்கு அன்னைக்கே பதில் சொல்றது மரியாதைக்கு மட்டும் இல்லீங்க.

பதில்: ஏற்காடு, கிராம சுகாதார செவிலியர்

மலைக்கு மேல இருந்து ஒரு விஷயம் சொல்றேன். காப்பித் தோட்டத்துல வேலை செய்யிறவங்க பரிசோதனைக்குப் படுக்கவே கூச்சப்படுவாங்க. தானே சாம்பிள் எடுத்துக்கிற குச்சியைக் கொடுத்தப்போ, மறைவா போய் ரெண்டு நிமிஷத்துல எடுத்துட்டு வந்துட்டாங்க. காப்பிப் பழம் பறிக்கிற மாசத்துல மட்டும் கேம்ப் வெச்சிடாதீங்க, ஒருத்தரும் வரமாட்டாங்க.

பிரச்சினை ரிப்போர்ட் வந்தப்போ. ஒரு அம்மாவுக்கு "பாசிட்டிவ்"னு வந்துச்சு. கொரோனாவுக்கு அப்புறம் எங்க பக்கம் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். தட்டு டம்ளர் தனியா எடுத்து வெச்சுட்டாங்க, புருஷன்காரர் பேச்சை நிறுத்திட்டார். நான் லேபுக்கு போன் போட்டேன். எடுத்தது ஒரு அக்கா. "அந்தம்மாகிட்டயே போனைக் குடுங்க நர்ஸம்மா"ன்னாங்க. "கண்ணு, இது புற்றுநோய் இல்ல. இந்த வைரஸ் கல்யாணம் ஆன முக்காவாசிப் பேருக்கு வந்து ரெண்டு வருஷத்துல தானா போயிடும். போகாம தங்கினாத்தான் பார்க்கணும், அதுவும் முத்துறதுக்கு 15, 20 வருஷம் ஆகும். நீ கீழ வந்தா நானே பார்க்கிறேன்." அந்தம்மா போனைக் காதுல வெச்சபடியே உட்கார்ந்து அழுதுச்சு. தானே எடுத்த சாம்பிள்ல ஸ்லைடு பார்க்க முடியாதுங்கறதால மலை இறங்கித்தான் ஆகணும். 20 கொண்டை ஊசி வளைவும் வாந்தி எடுத்துட்டேதான் வந்துச்சு, ஆனா வந்துச்சு.

அது உங்க லேப் அக்காதானா?

முதல்ல எழுதினவர்

ஆமாங்க, அவங்கதான். அந்த போனுக்கு அப்புறம் அக்கா என் டேபிளுக்கு வந்து ரிப்போர்ட்டை மாத்தச் சொன்னாங்க. இப்போ முடிவுக்குக் கீழ தமிழ்ல ரெண்டு வரி இருக்கு: "இது வைரஸ் இருப்பதை மட்டுமே காட்டுகிறது. புற்றுநோய் என்று பொருள் அல்ல. அடுத்த பரிசோதனைக்கு வரவும்." கூடவே எங்க பிரிவு போன் நம்பர். வாசகம் அக்கா எழுதினது.

அந்த அம்மா ஸ்லைடை அக்காவும் பையனும் தனித்தனியாப் பார்த்தாங்க. ரெண்டு பேரும் புள்ளி வெச்சது ஒரே இடத்துல. ஆரம்ப நிலை, உடனே சிகிச்சை கொடுத்தாச்சு. நாளைக்கு நாகலூர்ல இருந்து 18 குப்பி இறங்குது நர்ஸம்மா, பத்து மணிக்குள்ள அனுப்பிடுங்க.