சங்கீதம் 22-ஐ ஜஸ்டினோடு வாசித்தபோது

பைபிளின் சங்கீதங்கள் கிறிஸ்துவைப் பற்றித்தான் பேசுகின்றனவா என்ற கேள்விக்கு என் பங்குக்கு நானும் சொல்கிறேன். இரண்டாம் நூற்றாண்டில் ஜஸ்டின் எழுதிய 'டிரைபோவுடன் உரையாடல்' நூலை ஒரு லெந்து காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள்) வாசித்தேன். ஜஸ்டின் கிறிஸ்தவர். டிரைபோ யூதர், ரோமருக்கு எதிராக யூதர்கள் நடத்திய பார் கோக்பா போருக்குத் (132–135) தப்பி வந்தவர். இருவர் கையிலும் அதே சங்கீதங்கள்தான். அதில் சொல்லப்படுகிறவர் யார் என்பதில்தான் தகராறு.

110-ஆம் சங்கீதம் பழைய யூத ராஜா எசேக்கியாவைக் குறிக்கிறது என்று யூத போதகர்கள் சொல்லிவந்தார்கள். 'என்றென்றைக்கும் ஆசாரியர்' (பலி செலுத்தும் குரு) என்று இருக்கிறதே, எசேக்கியா எப்போது ஆசாரியராக இருந்தார் என்று ஜஸ்டின் மடக்குகிறார். 72 சாலொமோனுக்கு என்றால், அவர் பூமியின் எல்லைவரை ஆண்டாரா? இதுவரை வாதம் கச்சிதம். (எழுதியவர் ஜஸ்டின், அதனால் டிரைபோவுக்கு வாய் கொஞ்சம் கட்டித்தான் இருக்கிறது.)

22-க்கு வந்ததும் முழுச் சங்கீதத்தையும் எடுத்துப் போட்டு வரிவரியாகப் போகிறார். மெழுகுபோல் உருகும் இருதயம், இயேசு ஜெபிக்கையில் சிந்திய வியர்வை. கெர்ச்சிக்கிற சிங்கம், ஏரோது ராஜா. சரி என்று தலையாட்டுவதற்குள் 'அல்லது பிசாசு' என்கிறார்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிங்கம் யாராக இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. பேசுகிறவர் யார் என்பதை முன்பே முடிவு செய்துவிட்டார்.

எனக்கு நெடுநாளாய் உறுத்தியது 69. அதில் வரும் காடியை (புளித்த திராட்சரசம்) சுவிசேஷங்கள் சிலுவையோடு சேர்க்கின்றன. ஆனால் 5-ஆம் வசனத்தில் அதே ஆள் தன் குற்றங்களை ஒத்துக்கொள்கிறார். பாவமில்லாதவர் எப்படி அதைச் சொல்வார்? இப்படிப்பட்ட இடங்களில் பழைய திருச்சபை ஆசிரியர் அகஸ்டின், தலை சரீரத்துக்காகப் பேசுகிறது, கிறிஸ்து தம் சபையின் வாயாக அறிக்கையிடுகிறார் என்பார்.

மொப்சுவெஸ்தியாவின் ஆயர் தியோடரிடம் இது எடுபடாது. நேராகக் கிறிஸ்துவைக் குறிப்பவை 2, 8, 45, 110 என்ற நான்குதான். 22, தன் மகன் அப்சலோம் செய்த கலகத்தின்போது தாவீது சொன்னது என்றார். தியோடர் இறந்து நூறு வருஷத்துக்கு மேலான பின், 553-இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய திருச்சபைச் சங்கம் அவரைச் சபித்தது. கிறிஸ்துவைப் பற்றிய போதனைதான் முக்கியக் குற்றம். இந்தச் சங்கீத விளக்கங்களும் கூடவே வாசிக்கப்பட்டன.

எங்கள் வேதபாடக் குழுவில் இதைச் சொன்னபோது ஒரு அக்கா கேட்டார்: "அப்போ ஆண்டவர் சிலுவையில 'ஏன் என்னைக் கைவிட்டீர்'னு சொன்னது?" அது 22-இன் முதல் வரி; துன்பப்படுகிற யாரும் அதை எடுத்துச் சொல்லலாம், சொன்னதால் அது தீர்க்கதரிசனமாகிவிடாது என்பது தியோடர் கட்சி என்றேன். அக்காவுக்குத் திருப்தியில்லை. எனக்கோ, 69-ஐப் பொறுத்தவரை அகஸ்டினைவிடத் தியோடர் சொல்வதுதான் ஒட்டுகிறது.