வீட்டுத் தண்ணீர் லைனில் ஃப்ளோ சென்சார் போட்டவர்கள், அனுபவத்தைச் சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். வீடு கோவையில். இங்கே பல வீடுகளில் இருப்பது போல எங்களுக்கும் இரண்டு லைன்: சிறுவாணி ஒரு தொட்டியில், போர் உப்புத் தண்ணீர் இன்னொன்றில். எதில் எவ்வளவு போகிறது என்று ஹோம் அசிஸ்டன்ட்டில் (வீட்டுக் கருவிகளை ஒரே இடத்தில் பார்க்கும் இலவச மென்பொருள்) தெரிய வேண்டும். 2022 நவம்பர் பதிப்பிலிருந்து அதன் எனர்ஜி பக்கத்தில் கரண்டோடு தண்ணீருக்கும் இடம் கொடுத்துவிட்டார்கள்.

வாங்கியது வைஎஃப்-எஸ்201 என்ற ஃப்ளோ சென்சார், அதாவது தண்ணீர் ஓட்டத்தை அளப்பது, அரை இஞ்ச். உள்ளே காந்தம் வைத்த சின்னச் சக்கரம். தண்ணீர் ஓட அது சுற்றும், காந்தத்தை உணரும் ஹால் சென்சார் துடிப்பு அனுப்பும். மூன்றே வயர். சிவப்புக்கு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், மஞ்சள் சிக்னல். துடிப்பை எண்ணும் வைஃபை போர்டான நோட்எம்சியுவின் கால்கள் 3.3 வோல்ட்டுக்கானவை என்பதால் மஞ்சள் வயரில் 10கே, 20கே ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைக் குறைத்தேன். டி0 காலில் இன்டரப்ட் (துடிப்பு வந்ததும் உடனே கவனிக்கும் வசதி) கிடையாது, டி5 எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் போர்டை ஹோம் அசிஸ்டன்ட்டோடு இணைக்கும் இஎஸ்பிஹோம் மென்பொருளில் பல்ஸ் கவுண்டர் என்று நாலு வரி எழுதினால் நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று வந்துவிடும். லிட்டருக்கு 450 துடிப்பு என்பது கணக்கு, அதனால் 450-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர். எலக்ட்ரானிக்ஸ் வேலை ஒரு மாலையில் முடிந்தது.

குழாய் வேலைதான் இழுத்தது. சென்சாரின் மரை பிளாஸ்டிக். பிளம்பர் பழக்கதோஷத்தில் ரெஞ்ச் போட்டு ஒரு திருகு திருக, முதல் சென்சார் கழுத்தில் கீறல் விட்டது. அடுத்ததற்கு டெஃப்லான் டேப் சுற்றி, கையால் இறுக்கி, மேலே கால் சுற்று மட்டும். இரு பக்கமும் யூனியன் (பைப்பை வெட்டாமல் கழற்றி மாட்டும் இணைப்பு), முன்னால் ஒரு கேட் வால்வு வைக்கச் சொன்னேன். "எதுக்கு சார் இவ்வளவு?" என்று அவர் முகம் சுளித்தார். உப்புத் தண்ணீர் லைனில் சக்கரத்தில் வெள்ளைப் படிவு பிடித்து ரீடிங் இறங்க ஆரம்பித்தபோது அந்த யூனியன்தான் கைகொடுத்தது. கழற்றி, வினிகரில் ஊறவைத்து மாட்டியதும் மறுபடி சுற்றுகிறது. சிறுவாணி லைனில் இந்தத் தொல்லையே இல்லை.

தொட்டியிலிருந்து இறங்கும் மெயின் லைனில் இதைப் போடாதீர்கள். ஒரு இஞ்ச் பைப்பின் நடுவே அரை இஞ்ச் கழுத்து. தொட்டி மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பதே 0.3 பார்தான், அதிலும் பறிகொடுத்தால் மாடி ஷவர் அழும். நான் சமையலறை, குளியலறைக் கிளைகளில் தனித்தனியாகப் போட்டேன்.

450 என்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். பத்து சதவீதம் முன்பின் இருக்கும் என்று சென்சார் தயாரிப்பவர்களே எழுதியிருக்கிறார்கள். 20 லிட்டர் வாட்டர் கேனை நிரப்பி, வந்த துடிப்பை 20-ஆல் வகுத்துப் பாருங்கள். எனக்குக் குழாயை முழுக்கத் திறந்தால் லிட்டருக்கு 430 பக்கம், ஒல்லியாக விட்டால் 400-க்கும் கீழே. வீட்டில் வழக்கமாகத் திறக்கும் அளவில் வைத்து அளப்பதுதான் உத்தமம்.

* * *

அண்ணா, நான் சென்னை. நான் போட்டது மோட்டார் டெலிவரி லைனில். சம்ப் காலியாகி மோட்டார் வறண்டு ஓடினால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் தேவை. எஸ்201 நிமிடத்துக்கு 30 லிட்டர் வரைதான், எங்கள் மோட்டார் அதற்கு மேல் தள்ளும். அதனால் ஒரு இஞ்ச் மாடல்.

இரண்டு விஷயம். மோட்டார் ஆன் ஆகும்போதெல்லாம் தண்ணீர் வருவதற்கு முன்பே துடிப்பு குதித்தது. சிக்னல் வயர் மோட்டார் கேபிளோடு ஒரே பைப்பில் போனதுதான் காரணம். தனியாகப் பிரித்து, நெட்வொர்க் கேபிளில் சிக்னலையும் கிரவுண்டையும் ஒரே முறுக்கு ஜோடியாக எடுத்து, இஎஸ்பிஹோமில் மிகக் குறுகிய போலித் துடிப்புகளை ஒதுக்கும் ஃபில்டரைக் கூட்டியதும் அடங்கியது. இரண்டாவது, காற்று. பைப்பில் நிற்கும் காற்று வெளியேறும்போதும் சக்கரம் ஜோராகச் சுற்றும். அதனால் முதல் ஒரு நிமிடத்து ரீடிங்கை நான் நம்புவதில்லை. அப்புறமும் ஓட்டம் இல்லை என்றால் ரிலே மோட்டாரை அணைத்துவிடும்.

* * *

ஒழுகலைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்து வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குக் கீழே போனால் எஸ்201 கணக்கில் எடுக்காது. எங்கள் ஃப்ளஷ் தொட்டி ராத்திரி முழுக்கக் கசிந்தது, கிராஃப் மட்டும் சுத்தமாகப் பூஜ்ஜியம். கடைசியில் காட்டிக் கொடுத்தது மேல்தொட்டி மூடியில் வைத்த, ஒலி அலையால் தண்ணீர் மட்டத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார். யாரும் குழாயைத் தொடாத நேரத்தில் மட்டம் இறங்கிக்கொண்டிருந்தது.

மொத்தக் கணக்கு மட்டும் போதும் என்பவர்கள் பல்ஸ் அவுட்புட் உள்ள வாட்டர் மீட்டரையே வாங்கலாம். உள்ளே இருப்பது காந்தம் அருகே வந்தால் மூடும் ரீட் ஸ்விட்ச், இரண்டு வயர், மின்சாரம் கொடுக்க வேண்டியதில்லை. எங்களுடையது 10 லிட்டருக்கு ஒரு துடிப்பு. காண்டாக்ட் துள்ளி ஒன்றை இரண்டாக எண்ணும், அடுத்தடுத்து வரும் துள்ளலை ஒதுக்கும் டிபவுன்ஸ் போட்டால் சரி.

இன்னொன்று, கரண்ட் கட். கரண்ட் போனாலும் மேல்தொட்டித் தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கும், போர்டு மட்டும் தூங்கிவிடும். துணி அலசும் நேரத்தில் கட் ஆனால் அன்றைய கணக்கு அம்போ. திரும்பி வந்ததும் எண்ணிக்கை பூஜ்ஜியத்தில் தொடங்குவதை ஹோம் அசிஸ்டன்ட் சமாளித்துக்கொள்ளும், அதற்குச் சென்சாரை டோட்டல் இன்கிரீசிங் (ஏறிக்கொண்டே போகும் மொத்தம்) என்று குறித்திருக்க வேண்டும். ஓடிப்போன லிட்டர் திரும்ப வராது. ரவுட்டருக்கு வைத்திருக்கும் சின்ன யுபிஎஸ்ஸிலிருந்தே போர்டுக்கும் ஒரு லைன் இழுத்துவிட்டேன். மீட்டர் முள் காட்டுவதும் திரையில் வருவதும் இப்போது ஏறக்குறைய ஒத்துப்போகிறது.