கத்திக்கும் தோலுக்கும் ஒரே ‘பதம்’ போதுமா?

மெய்ப்பு எழுதியது:

குழுமத்தாருக்கு வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். கழித்துப் போட்ட பொருள்களிலிருந்து ஒரு கத்தியும் அதற்கு உறையும் செய்வது பாடம். கமான் பட்டையோ (வண்டியின் அடியில் அதிர்வைத் தாங்கும் எஃகுப் பட்டை) தேய்ந்த அரமோ அலகாகிறது. உடைந்த நாற்காலிக் கால் பிடியாகிறது. பழைய இடுப்பு பெல்ட் உறையாகிறது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.

மாட்டிக்கொண்ட இடம் இது. அலகை இரண்டு தடவை சூடேற்றுகிறார்கள். முதலில் காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் முக்குவது. பிறகு 200 டிகிரி செல்சியஸ் அளவில் ஓரிரு மணி நேரம் வைத்திருப்பது. இந்த இரண்டாவதுதான் டெம்பரிங். கையில் இருக்கும் கலைச்சொல் பட்டியல்கள் ‘பதப்படுத்தல்’ என்கின்றன. ஆனால் உறை செய்யும் பகுதியில் ‘பதப்படுத்திய தோல்’ வந்து நிற்கிறது. ‘பதப்படுத்திய பின் அலகை உறையில் வைத்துப் பார்க்கவும்’ என்று எழுதினால் எதைப் பதப்படுத்துவது?

இன்னொன்றும் உண்டு. உறையின் இரண்டு தோல்களுக்கு நடுவே, கத்தியின் வாய் (வெட்டும் விளிம்பு) தையல் நூலை அறுக்காதபடி ஒரு தோல் கீற்று வைக்கிறார்கள். அதற்கும் பெயர் வேண்டும்.

துருத்தி எழுதியது:

பட்டறையில் இருக்கிற சொல்லை விட்டுவிட்டு ஏன் தேடுகிறீர்கள்? துவைச்சல். சிலர் தோய்ச்சல் என்பார்கள். அரிவாளுக்குத் துவைச்சல் சரியில்லை என்றால் வாய் மழுங்கும், அல்லது பொரியும். முடிந்தது.

மெய்ப்பு எழுதியது:

> முடிந்தது.

ஐயா, துவைச்சல் என்பது முக்குவதா, முக்கிய பிறகு மறுபடி சூடேற்றுவதா?

துருத்தி எழுதியது:

இரண்டும்தான். கொல்லர் முனையை மட்டும் முக்கி, முதுகில் மிச்சமிருக்கும் சூடு வாய்க்கு ஏறி வரும்போது நிறம் பார்த்து மறுபடி முக்குவார். ஒரே மூச்சில் முடிகிற வேலைக்கு ஒரே பெயர்.

ஆனால் உங்கள் கவலை எனக்கும் புரிகிறது. முன்பு ஒரு பழைய மொழிபெயர்ப்பில் ‘சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் பதப்படுத்தவும்’ என்று படித்து, அதோடு வேலை முடிந்ததாக நினைத்தேன். பழைய அரத்தில் செய்த கத்தி. வேறொரு அரத்தால் இழுத்தால் கண்ணாடியில் இழுத்த மாதிரி வழுக்கியது, அவ்வளவு கெட்டி. பெருமையாக இருந்தது. பிடி போட்டு ஆணி அறைந்த மறுநாள் சிமெண்ட் தரையில் விழுந்து இரண்டாகப் போயிற்று. முறிந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக மணி தெரிந்தது. வளையக்கூட இல்லை. அரத்தில் கரிமம் ஒரு விழுக்காட்டுக்கு மேல். தணிக்காமல் விட்டால் பீங்கான்தான்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

நண்பர்கள் சங்கப் பாடலை மறந்துவிட்டீர்கள். ‘வேல்வடித்துக் கொடுத்தல் கொல்லற்குக் கடனே’ என்பது புறநானூறு 312, பொன்முடியார். வடித்தல் என்ற தூய சொல் இருக்கும்போது பதப்படுத்தலும் துவைச்சலும் எதற்கு? வடிவேல் என்பதை வடிவான வேல் என்று பொருள் கொள்வோர் உண்டு. அது வினைத்தொகை: வடித்த வேல், வடிக்கின்ற வேல், வடிக்கும் வேல். வடி என்ற வேரில் கூர்மையும் உண்டு, ஒழுகுதலும் உண்டு. எண்ணெயில் முக்கி எடுத்த அலகிலிருந்து எண்ணெய் வடிகிறதே, அதையும் நோக்குக. ஆகவே டெம்பரிங் என்பது ‘மறுவடிப்பு’.

எளியவன் எழுதியது:

எண்ணெய் வடிவதை நோக்கினேன். துடைத்தும் விட்டேன்.

ஐயா, பொன்முடியார் சொன்னது கொல்லரின் மொத்த வேலையை. காய்ச்சுவது, அடிப்பது, தீட்டுவது எல்லாம் அதில் அடக்கம். நமக்கு வேண்டியது ஒரு படிக்கு மட்டும் பெயர். ‘மறுவடிப்பு’ என்று படிக்கும் மாணவர் மறுபடி சாணை பிடிக்கத்தான் போவார். துவைச்சலும் ஆகாது, துவைப்பது துணியை. தோய்ப்பதும் சில வீடுகளில் துணியைத்தான். ‘மீள்சூடு’ என்றால் எல்லாருக்கும் புரியுமே?

ஏட்டுச்சுவடி எழுதியது:

பேச்சுவழக்கில் துணி வெளுப்பதால் ஒரு சொல்லின் கொல்லுலைப் பொருள் அழிந்துவிடுமா? துவைத்தலுக்கு அடித்தல், மிதித்தல் என்னும் பொருள்களும் உண்டு. உறையையே எடுத்துக்கொள்ளுங்கள். தலையணைக்கும் உறை, கடிதத்துக்கும் உறை, வாளுக்கும் உறை. நீர் உறைகிறது, உயிர் உடலில் உறைகிறது. யாராவது குழம்பினார்களா?

அது கிடக்கட்டும். ‘கமான்’ எப்படி உள்ளே வந்தது? பாரசீகத்தில் கமான் என்றாலே வில். வில்பட்டை என்றால் என்ன குறைந்துவிடும்?

துருத்தி எழுதியது:

பழைய இரும்புக் கடையில் வில்பட்டை என்று கேட்டால் கையில் ஒன்றும் வராது. அதுதான் குறை.

மீள்சூடும் சரியில்லை. சூடு ஏற்றுவது வழி. அலகின் விறைப்பை, அதாவது பட்டென்று முறியவைக்கும் மிகைக் கெட்டித்தன்மையை, குறைப்பதுதான் நோக்கம். தேய்த்துப் பளபளவென்று வைத்த இரும்பைச் சூடேற்றினால் மேலே மெல்லிய படலம் கட்டி, முதலில் இளம் வைக்கோல் நிறம் வரும். பிறகு பழுப்பு, ஊதா, நீலம். கத்திக்கு வைக்கோல் நிறத்தில் நிறுத்த வேண்டும். நீலம் வரை விட்டால் சுருள்வில்லுக்குத்தான் ஆகும், வாய் நிற்காது. எவ்வளவு குறைக்கிறோம் என்பதில்தான் கைப்பக்குவம். சொல்லிலும் அந்தக் குறைத்தல் வேண்டும்.

மெய்ப்பு எழுதியது:

உங்கள் முந்தைய மடலிலேயே ‘தணிக்காமல் விட்டால்’ என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியாமல் வந்து விழுந்த சொல்லா? ‘தணிப்பு’ என்றால் என்ன? ‘ஆற்றல்’ என்றும் யோசித்தேன். ஆனால் உலைக்குள்ளேயே விட்டு மெல்ல ஆறவைப்பது வேறு வேலை. அரத்தை அறுத்து வடிவம் கொடுக்க முதலில் அதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். ஆற்றுதல் அதற்கு வேண்டும். போதாததற்கு ஆற்றல் என்றால் வலிமை வேறு.

எளியவன் எழுதியது:

தணிப்பு நன்று. கோபம் தணிகிறது, தாகம் தணிகிறது, விறைப்பும் தணியட்டும். ஆனால் யாராவது அதை நீட்டித் ‘தணிக்கை’ ஆக்கினால் கத்தியைக் கணக்குப் பார்க்கிறவரிடம் அனுப்பிவிடுவார்கள்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

தணிக்கைக்கும் தணிதலுக்கும் உறவே இல்லை. தெலுங்கில் தனிகீ, கன்னடத்தில் தனிகெ. வந்தேறிய சொல். தணிதலோ நம்முடையது, திருத்தணியும் சினம் தணிந்த இடம் என்றே சொல்லப்படுகிறது.

தன்வினை, பிறவினை வேறுபாட்டையாவது காப்பாற்றுங்கள். இரும்பு தணிவது தணிவு. நாம் தணிப்பது தணிப்பு. ‘தணிவு செய்தல்’ என்று எழுதினால் நான் குழுமத்தை விட்டு விலகுவேன்.

எளியவன் எழுதியது:

வடிவேல், திருத்தணி என்று கடைசியில் முருகனிடமே வந்து சேர்ந்துவிட்டோம். கத்திக்குத் திரும்புவோமா?

மெய்ப்பு எழுதியது:

நாளை அனுப்ப வேண்டும். மறுப்பு இல்லையென்றால் இப்படி வைத்துக்கொள்கிறேன்: சிவக்கக் காய்ச்சி முக்குவது ‘தோய்ச்சல்’. மறுபடி சூடேற்றி விறைப்பைக் குறைப்பது ‘தணிப்பு’. தோலுக்குப் ‘பதனிட்ட தோல்’. கமான் பட்டை அப்படியே இருக்கும். பிடிக்குள் போகும் அலகின் நீட்சியைக் ‘காம்பு’ என்று எழுதிவிட்டேன். அதில் விவாதம் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன்.

துருத்தி எழுதியது:

பாடத்தில் தணிப்பு இருக்கட்டும். நான் துவைச்சல் என்றுதான் சொல்லிக்கொடுப்பேன். ‘துவைச்சலில் இரண்டாம் கட்டம்’ என்று அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள். துத்தநாகம் பூசிய தகட்டைக் காய்ச்சக் கூடாது, புகை ஆபத்து என்ற வரி இருக்கிறதா? அதற்குக் கலைச்சொல் தேவையில்லை, கொட்டை எழுத்து போதும்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

மறுவடிப்பைக் கைவிட்டதில் எனக்கு உடன்பாடு இல்லை. பதிவு செய்துகொள்ளவும்.

மெய்ப்பு எழுதியது:

பதிந்தேன். துத்தநாக வரி பெட்டிக்குள் போட்டாயிற்று. உறைக்கு நடுவில் வைக்கும் தோல் கீற்றுக்கு யாருமே சொல் தரவில்லை. ‘இடைவார்’ என்று எழுதட்டுமா?

எளியவன் எழுதியது:

இடையில் கட்டும் வாரா, இடையே வைக்கும் வாரா? இடுப்பு பெல்ட்டை வெட்டித்தானே உறையே செய்கிறார்கள்!

ஏட்டுச்சுவடி எழுதியது:

நல்ல கேள்வி. இடை என்னும் சொல்லை முதலில் வேரிலிருந்து பார்ப்போம்.