விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடுவை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அவிநாசி பக்கத்திலிருந்து:

1972. எனக்குப் பத்து வயது. மின்கட்டண உயர்வை எதிர்த்துக் கோவைக்குள் மாட்டுவண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்தும் போராட்டம். பள்ளிக்கூடம் கெட்டுப்போகும் என்று அம்மா சத்தம் போட்டும் ஐயன் கேட்கவில்லை, என்னைத் தூக்கி வைக்கோல் மேல் உட்கார வைத்துவிட்டார். டவுனுக்குள் நுழைந்தால் கண்ணுக்கு எட்டின வரை வண்டிதான். ஐயன் மாட்டை அவிழ்த்துச் சக்கரத்தில் கட்டிவிட்டுத் தலைக்குத் துண்டை வைத்துப் படுத்துக்கொண்டார். பஸ்காரன் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தான். நாயுடு அந்தப் பக்கம் நடந்து போனார் என்றார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் மாட்டு வால்தான்.

நேரில் பார்த்தது ஏழெட்டு வருஷம் கழித்து, ஒரு சந்தைப்பேட்டைக் கூட்டத்தில். அடுக்குமொழி எதிர்பார்த்துப் போனேன். மனுஷன் கரண்டு, கடன், விளைபொருள் விலை என்று கணக்கே பேசினார்.

அந்தக் கணக்கு டவுன்காரர்களுக்குப் புரியாது. 1970 போராட்டத்தில் யூனிட்டுக்கு 10 பைசா 9 ஆனது. அந்தப் போராட்டத்தில் பெருமாநல்லூரில் போலீஸ் சுட்டதில் மூன்று பேர் செத்தார்கள். ஒரு பைசாவுக்கா என்று கேட்பார்கள். 5 குதிரைசக்தி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 4 யூனிட். எங்கள் பக்கம் எல்லாம் ஆழக் கிணறு, மோட்டாரை நிறுத்தினால் பயிர் காய்ந்துவிடும். வாய்க்கால் பாசனக்காரருக்கு இந்தக் கவலையே கிடையாது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். 1982-இல் அவர் இந்திய விவசாயிகள் உழைப்பாளர் கட்சி ஆரம்பித்தபோது, சங்கத்தின் பச்சைத் துண்டைக் கழற்றாத எங்கள் ஐயனே ஓட்டை மட்டும் வழக்கமான சின்னத்துக்குத்தான் போட்டார். கேட்டதற்கு, "சங்கம் வேற, ஓட்டு வேற போடா" என்றார். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் இருந்தார்கள் என்பது என் எண்ணம்.

கோவில்பட்டியிலிருந்து:

நான் பார்த்ததில்லை, பார்க்கப் போனவன். 1984 டிசம்பர், தேர்தல் நேரம். பிரசாரத்துக்கு எங்கள் ஊருக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, பருத்திக்காட்டு வேலையை முடித்துவிட்டு மறுநாள் போகலாம் என்று இருந்துவிட்டேன். போனால் டீக்கடையில் எல்லாரும் எழுந்து நிற்கிறார்கள். இங்கேயே இறந்துவிட்டாராம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன், ஏறி மிதிக்கத் தோன்றவில்லை.

அவிநாசி பக்கத்திலிருந்து:

அண்ணாச்சி, அந்தச் செய்தி வந்த அன்றைக்கு எங்கள் ஐயன் மோட்டார் போடவில்லை.